தொப்பை குறைந்தால் பி.பி. குறையுமா?

கேள்வி: வயது 41. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் வேலை. எடை 92 கிலோ, உயரம் 165 செ.மீ. மூன்று முறை பார்த்தும் பி.பி. 150/96க்குக் கீழே வரவில்லை. டெல்மிசார்ட்டன் 40 மி.கி. எழுதியிருக்கிறார்கள். எடையைக் குறைத்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் நண்பர். சரிதானா?

பதில்: பாதி சரி. எடை குறைந்தால் பி.பி. இறங்கும், ஆனால் அதை நம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, ஹார்மோன்களையும் சுரக்கிறது. ஆஞ்சியோடென்சினோஜென் என்ற புரதத்தைப் பெருமளவு தருவது கல்லீரல். கொழுப்பும் தன் பங்கைச் சேர்க்கிறது. சிறுநீரகத்தின் ரெனினும் பிறகு ஏஸ் என்ற நொதியும் அதை ஆஞ்சியோடென்சின் 2 ஆக்குகின்றன. அது ரத்தக்குழாயை இறுக்கும். அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டீரோனையும் வரவழைக்கும். சிறுநீரில் போக வேண்டிய உப்பை ஆல்டோஸ்டீரோன் உடம்புக்குள் திருப்பி இழுக்க, கூடவே தண்ணீரும் தங்கிவிடுகிறது. போதாததற்கு, கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோன் நரம்புகளை முடுக்கிவிட்டு பி.பி.யை ஏற்றுகிறது.

ஆஞ்சியோடென்சின் 2 போய் ஒட்டும் இடத்தை டெல்மிசார்ட்டன் அடைக்கிறது. உங்களுக்குப் பொருத்தமான மருந்துதான், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆரம்பித்த இரண்டு வாரத்தில் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது) பொட்டாசியமும் பாருங்கள். பொட்டாசியம் கலந்த 'லோ சோடியம்' உப்பைக் கேட்காமல் வாங்க வேண்டாம். முதுகுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவது பி.பி.யையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். கோடையில் வாந்தி பேதி வந்தால், மாத்திரையைத் தொடரலாமா என்று அன்றைக்கே கேளுங்கள்.

இன்னொன்று: பி.பி.யை அளக்கக் கையில் சுற்றியது எந்த அளவுப் பட்டை? மேல்கைச் சுற்றளவு 34 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய பட்டை வேண்டும். சின்னப் பட்டையில் அளந்தால், இல்லாத பி.பி.யை இருப்பதாகக் காட்டும்.

ஒரு கிலோ குறைந்தால் மேல் அளவு சுமார் 1 புள்ளி இறங்கும். ஆறு மாதத்தில் 6 கிலோ குறைப்பது உங்களால் முடிந்ததுதான். இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்குள் வரட்டும். மணிக்கு ஒரு முறை மெஷினை விட்டு எழுந்து நடங்கள். உப்பு நாள் முழுக்க எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் சோற்றில், கறியில், கத்திரிக்காயில், தயிர்ப் பச்சடியில் என்று நான்கு இடத்தில் உப்பு இருக்கிறது. அளவைக் குறைத்துச் சாப்பிடுங்கள். அப்பளம், ஊறுகாய், கருவாடு கூட வேண்டாம்.

தூக்கத்தில் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ஆமென்றால் தூக்கப் பரிசோதனை அவசியம். மூன்று மருந்து சேர்ந்தும் பி.பி. அடங்காவிட்டாலோ பொட்டாசியம் குறைந்திருந்தாலோ, ஆல்டோஸ்டீரோன் அளவுக்கு மேல் சுரக்கிறதா என்று காட்டும் ஆல்டோஸ்டீரோன்-ரெனின் விகிதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.