டிஓ சீட் கிடைத்தாச்சு, எந்தக் கல்லூரியில் சேர? ரொட்டேஷன் பற்றி நீங்கள் கேட்டவை

அமெரிக்காவில் டிஓ என்ற மருத்துவர் பட்டம் தரும் ஆஸ்டியோபதிக் மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு மூன்று இடத்தில் சீட் வாங்கிவிட்டு, எதில் டெபாசிட் கட்டுவது என்று குழம்பி நிற்கும் பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகள் இவை. நானும் டிஓ படித்தவள்தான். இன்டர்னல் மெடிசின் முடித்து இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் என் வார்டுக்கு வருகிறார்கள். முதல் இரண்டு ஆண்டு வகுப்பறைப் பாடம் எல்லாக் கல்லூரியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் தெரிவது மூன்றாம் ஆண்டில், ரொட்டேஷனில், அதாவது துறை துறையாக ஆஸ்பத்திரிக்குப் போய் நோயாளி முன்னால் நிற்கும்போது. அதனால் இங்கே அதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

நியூ ஜெர்சி அப்பா: டாக்டர் மேடம், மகளுக்கு இரண்டு இடத்தில் சீட். ஒரு கல்லூரி வெப்சைட்டில் நாற்பது ஆஸ்பத்திரி பெயர் போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில் ஆறுதான். நாற்பதுதானே நல்லது?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். அது ஒப்பந்தம் போட்ட இடங்களின் பட்டியல். அதில் பெரிய பெயராக இருக்கும் ஆஸ்பத்திரி வருஷத்துக்கு இரண்டே பேரை எடுக்கலாம். உங்கள் மகளுக்கு வாய்ப்பது அந்த நாற்பதில் ஏதோ ஒன்றுதான்.

கேட்க வேண்டியது வேறு. போன வருஷத்து மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எந்த ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள்? இடம் ஒதுக்குவது லாட்டரியா, மார்க்கா, விருப்பப் பட்டியலா? வருஷம் முழுக்க ஒரே ஊரா, மாதத்துக்கு ஒருமுறை பெட்டி கட்ட வேண்டுமா? மிச்சிகன் ஸ்டேட் பல்கலையின் டிஓ கல்லூரியில் ஒரு மாணவரை ஒரு 'பேஸ்' மருத்துவமனையில் சேர்த்துவிடுவார்கள். முக்கிய ரொட்டேஷன்கள் பெரும்பாலும் அங்கேயே நடக்கும். ஒரே இடத்தில் இருந்தால் நர்ஸ் முதல் பயிற்சித் தலைவரான புரோகிராம் டைரக்டர் வரை முகம் பழகும். சிபாரிசுக் கடிதம் கேட்கப் போகும்போது அதன் அருமை தெரியும்.

அட்லாண்டா மாணவி: அக்கா, "ரெசிடென்ட்ஸ் இருக்கிற ஆஸ்பத்திரியா பாரு"ன்னு எல்லாரும் சொல்றாங்க. டாக்டர் நேரா சொல்லிக் குடுத்தா இன்னும் நல்லதுதானே?

இரண்டும் வேண்டும்மா. ஆனால் எதில் எது என்பது முக்கியம்.

பட்டம் முடித்து ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சியில் இருக்கும் டாக்டர்கள்தான் ரெசிடென்ட்ஸ். அவர்கள் இருக்கும் வார்டில் காலை ஆறு மணிக்கு நீ தனியாகப் போய் உன் நோயாளியைப் பார்ப்பாய். நேற்று 1.1 இருந்த கிரியேட்டினின் (சிறுநீரக வேலையைக் காட்டும் ரத்த அளவு) இன்று 1.9. ரெசிடென்ட் கேட்பார்: "ஏன் ஏறிச்சு?" உனக்குத் தெரியாது. மருந்துப் பட்டியலைத் திறந்து பார்த்தால் முந்தாநாள் வலிக்கு எழுதிய, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய கீட்டோரோலாக் நிற்கும். ஒன்பது மணிக்கு அட்டெண்டிங் என்ற பொறுப்பு டாக்டர் முன்னால் அதை நீயே சொல்ல வேண்டும். ரெசிடென்சியில் முதல் நாளிலிருந்து உன்னிடம் எதிர்பார்ப்பது இதைத்தான்.

தனி டாக்டரோடு, அதாவது ப்ரிசெப்டரோடு போனால் வேறு லாபம். சர்ஜரியில் உனக்கு முன்னால் ஃபெல்லோ, ரெசிடென்ட் என்று வரிசை நிற்காது. நீயே எதிர்ப்பக்கம் நின்று அசிஸ்ட் பண்ணலாம். பிரசவத்தில் குழந்தையை நீயே கையில் வாங்கலாம். அந்த டாக்டருக்குச் சொல்லிக்கொடுக்க மனசில்லை என்றால் மட்டும் ஒரு மாதம் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாய்.

என் கணக்கு இது: இன்டர்னல் மெடிசினும் சர்ஜரியும் ரெசிடென்ட்ஸ் உள்ள இடத்தில் கிடைத்தே ஆக வேண்டும். ஃபேமிலி மெடிசின், குழந்தை மருத்துவம் நல்ல ப்ரிசெப்டரிடம் அமைந்தால் போதும். டிஓ கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் கோகா, நான்காம் ஆண்டுக்கு முன் ரெசிடென்ட்ஸோடு வேலை செய்யும் முக்கிய ரொட்டேஷன் குறைந்தது ஒன்று இருக்க வேண்டும் என்கிறது. ஒன்றே ஒன்று! ஆகவே "அங்கீகாரம் இருக்கு, பயப்படாதே" என்ற பதிலோடு திரும்பி வந்துவிடாதே.

டல்லாஸ் அம்மா: சென்னையில் இருக்கும் என் மாமனார், "எலும்பு வைத்தியத்துக்கா இவ்வளவு செலவு?" என்கிறார். என்ன சொல்ல?

அமெரிக்காவில் டிஓ என்பது முழு மருத்துவர் பட்டம் என்று சொல்லுங்கள். மருந்து எழுதலாம், ஆபரேஷன் பண்ணலாம். 2020 முதல் எம்டி (அங்கே வழக்கமான மருத்துவர் பட்டம்), டிஓ இரண்டுக்கும் ரெசிடென்சி அங்கீகாரம் ஒரே அமைப்பின் கீழ்தான். மற்ற பல நாடுகளில் ஆஸ்டியோபத் என்றால் கையால் சிகிச்சை செய்பவர், அதனால் வரும் குழப்பம் இது.

டெக்சஸ் என்பதால் ஒன்று: ஃபோர்ட் வொர்த்தில் உள்ள டிகாம் என்ற டிஓ கல்லூரி அரசுக் கல்லூரி, விண்ணப்பம் டெக்சஸின் டிஎம்டிசாஸ் என்ற பொது விண்ணப்பத் தளம் வழியாக. மாநிலத்துக்காரருக்கு ஃபீஸும் குறைவு. அங்கே இடம் கிடைத்தால் மற்றதெல்லாம் அப்புறம்.

சான் ஹோசே மாணவன்: ஏடிஎஸ்யூ பல்கலையின் அரிசோனா டிஓ கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலேயே வெளியே அனுப்பிடுவாங்களாமே. நல்லதா அக்கா?

ஆமாம் தம்பி. முதல் ஆண்டு மேசாவில். அதன் பிறகு நாட்டின் பல ஊர்களில் உள்ள சமூக சுகாதார மையங்களில் ஏதோ ஒன்றோடு இணைந்து படிப்பு. யோசித்துத்தான் அப்படி அமைத்திருக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாத ஏழை நோயாளிகளைச் சின்ன வயதிலேயே பார்த்துப் பழகுவாய். ஃபேமிலி மெடிசின்தான் என்று முடிவு பண்ணியவனுக்கு இதைவிட நல்ல இடம் சொல்வது கஷ்டம். ஆர்த்தோ மேல் கண் இருந்தால் நான் வேறு கல்லூரி பார்ப்பேன்.

சிகாகோ மாணவன்: எனக்கு எமர்ஜென்சி மெடிசின் வேணும். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க?

நான்காம் ஆண்டுக் காலண்டரை. யாரும் கேட்காத கேள்வி, ஆனால் மேட்ச்சையே, அதாவது ரெசிடென்சி இடம் கிடைப்பதையே, கவிழ்க்கக்கூடியது.

எமர்ஜென்சிக்கு விண்ணப்பிக்க 'ஸ்லோ' என்கிற தனிவகைச் சிபாரிசுக் கடிதம் வேண்டும். ரெசிடென்சி நடக்கும் எமர்ஜென்சி பிரிவில் ஒரு மாதம் வேலை செய்தால்தான் பயனுள்ள ஸ்லோ கிடைக்கும். உன் கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் அந்த ரெசிடென்சி இருந்தால் ஒன்று வீட்டிலேயே முடிந்தது. இல்லையென்றால் விஎஸ்எல்ஓ தளம் வழியாக வெளியூர் ஆடிஷன் ரொட்டேஷன், அதாவது நீ சேர விரும்பும் இடத்தில் வேலை செய்து உன்னைக் காட்டிக்கொள்ளும் மாதம், வாங்க வேண்டும். புரோகிராம்கள் விண்ணப்பங்களைத் திறப்பது செப்டம்பர் கடைசியில். அப்படியானால் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்தான் உன் கையில். சில கல்லூரிகள் கிராமப்புற ரொட்டேஷனைக் கட்டாயமாக்கி, சரியாக அந்த மாதங்களில் சிலர் தலையில் கட்டும். "ஜூலையிலிருந்து அக்டோபர் வரை எத்தனை மாதம் எனக்குச் சொந்தம்?" என்று அட்மிஷன் ஆபீஸில் எழுத்தில் கேள்.

டிஓ மாணவர்களின் உரிமத் தேர்வான காம்லெக்ஸ் கட்டாயம், அது தெரியும். அதோடு எம்டி மாணவர்களின் தேர்வான யுஎஸ்எம்எல்இ ஸ்டெப் 2-வும் எழுதிவிடு. முதல் கட்டத் தேர்வு இரண்டிலும் 2022 முதல் பாஸ், ஃபெயில் மட்டும்தான். இரண்டாவதில்தான் மார்க் தெரியும். மூன்றாம் ஆண்டு முடிவில் அதற்குப் படிக்க ஒரு மாதம் ஒதுக்குகிறார்களா என்றும் பார்.

எடிசன் அம்மா: ரொட்டேஷனுக்குத் தனியாகச் செலவு ஆகுமா?

ஆகும், நன்றாகவே ஆகும். கார் இல்லாமல் நடக்காது. ஒரு ஊரில் வாடகை ஒப்பந்தம் முடியாமல் இருக்கும்போதே இன்னொரு ஊரில் அறை எடுக்க வேண்டி வரும். ஆடிஷன் மாதங்களில் அதற்கு மேல்.

புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு 2026 ஜூலை 1 முதல் கிராட் பிளஸ் என்ற அரசுக் கடன் கிடையாது. அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர். பல தனியார் டிஓ கல்லூரிகளில் ஃபீஸே அந்த வரம்பைத் தாண்டுகிறது. அதனால் ரொட்டேஷன் ஊரில் கல்லூரி தங்க இடம் தருமா என்பது சின்னக் கேள்வி இல்லை.

ப்ரிசெப்டரை மாணவரே தேடிப் பிடிக்கச் சொல்லும் கல்லூரிகளும் உண்டு. விருப்பப் பாடத்துக்குச் சரி. முக்கிய ரொட்டேஷனுக்கே அப்படியென்றால், முழு ஃபீஸ் எதற்கு வாங்குகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஷார்லட் அப்பா: புதிதாகத் திறந்த கல்லூரி. கட்டடம் பிரமாதம். சேரலாமா?

முதல் பேட்ச் பட்டம் வாங்கும்வரை முழு அங்கீகாரம் வராது சார். அதுவரை மேட்ச் விவரமும் இருக்காது. பழைய கல்லூரியும் கையில் இருந்தால் அதையே எடுங்கள். கட்டடத்தில் இரண்டு வருஷம்தான் இருக்கப் போகிறார்கள்.

பிலடெல்பியா மாணவி: ரொட்டேஷன் ஆஸ்பத்திரியே மூடிட்டா என்ன ஆகும்?

உங்கள் ஊரிலேயே பார்த்தோமே. 2019-இல் ஹானிமன் ஆஸ்பத்திரி மூடியபோது 500-க்கும் மேற்பட்ட ரெசிடென்ட்ஸ் வேறு இடம் தேடி அலைந்தார்கள். 2025-இல் பக்கத்து டெலவேர் கவுண்டியில் குரோசர் ஆஸ்பத்திரி மூடியது. மாணவர்களை வேறு இடத்தில் வைப்பது கல்லூரியின் பொறுப்புதான், ஆனால் அது முந்நூறு மைல் தள்ளியும் இருக்கலாம். மொத்த வகுப்பையும் ஒரே ஆஸ்பத்திரிக் குழுமத்தை நம்பி அனுப்பும் கல்லூரியிடம் மாற்று ஏற்பாடு என்ன என்று கேட்டுவிடு.

சியாட்டில் மாணவி: இதெல்லாம் யாரைக் கேட்டா உண்மை வரும்?

கேம்பஸைச் சுற்றிக் காட்டும் முதலாண்டுப் பிள்ளையைக் கேட்காதே, பாவம், அதற்கே தெரியாது. நான்காம் ஆண்டு மாணவர் இரண்டு பேரைப் பிடி, இரண்டு வெவ்வேறு ஊர்க்காரர்களாக. மூன்றாம் ஆண்டில் எத்தனை தடவை வீடு மாறினாய்? கடைசி வாரத்தில் ரத்தான ரொட்டேஷன் உண்டா? எபிக் என்ற ஆஸ்பத்திரிக் கணினிப் பதிவில் நீயே நோட் எழுதினாயா, லாகின் கூடக் கிடைக்கவில்லையா? லாகின் இல்லாத இடத்தில் மாணவருக்குப் பெரும்பாலும் வேலையும் இல்லை.

ஹூஸ்டன் மாணவி: அக்கா, எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு குழந்தை. லாட்டரியில் தூரமா போட்டுட்டா?

பல கல்லூரிகளில் குழந்தை உள்ளவர்களுக்கும் உடல்நலக் காரணம் உள்ளவர்களுக்கும் லாட்டரிக்கு முன்பே இடம் ஒதுக்கக் கேட்கலாம். மாணவர் கையேட்டில் அந்த விதி இருக்கும், கடைசித் தேதியோடு. டெபாசிட் கட்டுவதற்கு முன்பே கையேட்டை அனுப்பச் சொல். விதி இல்லை, "பார்த்துக்கலாம்" என்று வாயால் சொன்னால், அந்த ஒரு வரியை மட்டும் மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லிப் பார்.