போனில் கிடக்கும் சாமத்திய வீட்டு வீடியோ

கேள்வி: மகளின் சாமத்திய வீட்டுப் படங்களும் வீடியோவும் என் அண்ட்ரொய்ட் போனில்தான் இருக்கின்றன. போன் நிறைந்துவிட்டது. லேப்டாப்பில் கேபிள் போட்டால் சார்ஜ் ஏறுகிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. வட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பி இறக்கச் சொல்கிறார் கணவர். செய்யலாமா? - வாசகி, வெள்ளவத்தை

பதில்: வட்ஸ்அப் வேண்டாம் சகோதரி. சாதாரணமாக அனுப்பினால் அது படத்தையும் வீடியோவையும் சுருக்கித்தான் அனுப்பும், போனில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நாளைக்கு அல்பத்துக்குப் பெரிதாக அச்சடிக்கும்போது சேலைக் கரை கலங்கித் தெரியும். டொகியுமென்டாக அனுப்பினால் சுருங்காது, ஆனால் ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் போகாது, டேட்டாவும் வீணாகும்.

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். பவர் பேங்கோடு வரும் மெல்லிய கேபிள்கள் சிலவற்றுக்குள் மின்சாரம் போகும் கம்பி மட்டுமே இருக்கும், தரவு போகும் கம்பி இருக்காது. போனோடு பெட்டியில் வந்த கேபிள் என்றால் பிரச்சினை வராது. அதைப் போட்டதும் போனின் பூட்டைத் திறந்து, மேலிருந்து திரையை இழுங்கள், ‘இந்தச் சாதனம் சார்ஜ் ஆகிறது’ என்ற மாதிரி ஒரு அறிவிப்பு நிற்கும். அதைத் தொட்டு ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்பதைத் தெரிவு செய்தால் லேப்டாப்பில் உங்கள் போனின் பெயர் வந்துவிடும். திறந்தால் வெறுமையாக இருக்கிறதா? போன் மறுபடி பூட்டிக்கொண்டிருக்கும், திறந்து விடுங்கள்.

கமராவில் எடுத்தவை டிசிஐஎம் (DCIM) என்ற ஃபோல்டருக்குள் ‘கமரா’வில் இருக்கும். உறவினர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பியவை அங்கே இராது, அண்ட்ரொய்ட், பிறகு மீடியா, அதற்குள் வட்ஸ்அப் பெயரில் உள்ள ஃபோல்டர் என்று உள்ளே போய்த் தேட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுப் போனை அழித்துவிடுகிறார்கள்.

இப்போது நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். கட் பண்ணாதீர்கள், கொப்பி மட்டும் பண்ணுங்கள். சில வருடங்களுக்கு முன் நான் அவசரத்தில் கட் பண்ணி ஒட்டிக்கொண்டிருந்தபோது மேசையில் கை பட்டு கேபிள் அசைந்துவிட்டது, அம்மம்மா பொங்கல் பானைக்கு முன்னால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கும் படம் போனிலும் இல்லை, லேப்டாப்பிலும் இல்லை. அதன் பிறகு அவர் இன்னொரு பொங்கலைப் பார்க்கவில்லை. அதனால் கொப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் எத்தனை கோப்பு, எத்தனை ஜிபி என்று ஒப்பிடுங்கள், நீளமான வீடியோவை லேப்டாப்பில் திறந்து நடுவிலும் கடைசியிலும் ஓடவிட்டுப் பாருங்கள். ஆலாத்தி எடுக்கும் இடம் தடையில்லாமல் ஓடினால், அப்புறம் போனில் அழிக்கலாம்.

லேப்டாப்பும் ஒருநாள் பழுதாகும் இல்லையா, அதனால் பென் டிரைவ் ஒன்றிலும் போட்டு வையுங்கள். 32 ஜிபி பென் டிரைவில் இடம் நிறைய இருந்தும் 5 ஜிபி வீடியோவை ‘கோப்பு மிகப் பெரியது’ என்று திருப்பி அனுப்பினால் பதற வேண்டாம். அது கோப்புகளைச் சேமிக்கும் ‘ஃபாட்32’ (FAT32) என்ற முறையில் இருக்கிறது, அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பென் டிரைவை ‘எக்ஸ்ஃபாட்’ (exFAT) முறைக்கு ஃபோர்மட் செய்தால் சரி, உள்ளே இருப்பது எல்லாம் அழியும் என்பதால் முதலில் அதில் உள்ளதை வேறு இடத்தில் எடுத்து வையுங்கள். பென் டிரைவ் இல்லாவிட்டால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் ஒரு நடை போய் வாங்கலாம், கடையிலேயே ஒரு பெரிய கோப்பை ஏற்றிப் பார்த்து வாங்குங்கள்.

அந்தப் பென் டிரைவை லேப்டாப் பையிலேயே போட்டு வைக்காமல் உங்கள் அம்மா வீட்டு அலுமாரியில் கொடுத்து வையுங்கள்.