பர்மாவின் நே வின் எப்படி ஆட்சியைப் பிடித்தார், எதனால் விழுந்தார்?

எங்கள் அப்பத்தாவின் தகரப் பெட்டிக்குள் ஒரு 100 கியாட் நோட்டு கிடந்தது. 1964 மே மாதம் நே வின் அரசு 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கடைகளை அரசுடைமையாக்கியிருந்தார்கள். ரங்கூனில் தாத்தா வைத்திருந்த ஜவுளிக்கடையும் அதில் போனது. கப்பல் ஏறி வந்த லட்சக்கணக்கான இந்தியர்களோடு அவர்களும் வெறுங்கையாய் ஊர் திரும்பினார்கள். அதனால் இந்தக் கேள்வியை என்னால் தள்ளி நின்று பார்க்க முடியாது.

நே வின் தபால் நிலைய எழுத்தராக இருந்தவர். இயற்பெயர் ஷூ மவுங். பர்மாவின் விடுதலைத் தலைவர் ஆங் சானோடு சேர்ந்து ஜப்பானியரிடம் ரகசியமாகப் போர்ப் பயிற்சி பெற்ற 'முப்பது தோழர்'களில் ஒருவர். 1947இல் ஆங் சான் கொல்லப்பட்டார். 1949இல் கரேன் இனத்தவர் கிளர்ச்சி வெடித்ததும், கரேன்காரரான ராணுவத் தளபதியை விலக்கிவிட்டு நே வின்னை அந்த இடத்தில் அமர்த்தினார்கள்.

எல்லோரும் 1962 மார்ச் 2ஆம் தேதி நே வின் ஆட்சியைப் பிடித்த ராணுவப் புரட்சியைத்தான் சொல்வார்கள். விதை விழுந்தது 1958இல் என்பேன். ஆளுங்கட்சி இரண்டாகப் பிளந்தபோது, பிரதமர் ஊ நூ நாட்டைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ராணுவத்திடமே கொடுத்தார். 1960இல் தேர்தல் நடத்தி நே வின் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தார் என்பது உண்மைதான். ஆனால் ஆட்சி நடத்த அரசியல்வாதிகள் தேவையில்லை என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு அந்தப் பதினெட்டு மாதத்தில் வந்துவிட்டது. இரண்டே ஆண்டில் ஊ நூ சிறையில் இருந்தார்.

1962 ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டார்கள். மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1964இல் நோட்டு செல்லாது என்றபோது தெருவில் யாரும் வாய் திறக்காததற்கு அந்த வெடிச்சத்தமும் ஒரு காரணம்.

அதே கையால் 1987இல் மறுபடியும் நோட்டைத் தொட்டார். செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. மாற்றித் தரவும் இல்லை. சில நாட்களுக்கு முன்புதான் அரிசி வியாபாரத்துக்கு இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்தியிருந்தார்கள். அதை நம்பிப் பணம் புரட்டியவர்கள் கையில் காகிதம்தான் மிஞ்சியது. கல்விக் கட்டணத்துக்கு வைத்திருந்த பணம் போன மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். பிறகு வெளியிட்ட நோட்டுகள் 45, 90. இரண்டும் ஒன்பதால் வகுபடும். ஒன்பது அவருக்கு ராசியான எண் என்பது ஊரறிந்த பேச்சு. ஒரு நாட்டின் சேமிப்பை இதற்காகவா அழிப்பது? இன்று நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. உலகுக்கே அரிசி ஏற்றுமதி செய்த நாடு, அந்த ஆண்டு முடிவதற்குள் ஐநாவின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது.

1988 மார்ச்சில் ஒரு தேநீர்க்கடைச் சண்டையில் தொடங்கிய போராட்டத்தில் ஒரு மாணவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜூலை 23ஆம் தேதி நே வின் பதவி விலகினார். அந்த உரையிலேயே, ராணுவம் சுட்டால் வானத்தைப் பார்த்துச் சுடாது என்று மிரட்டிவிட்டுத்தான் இறங்கினார். அவர் சொன்னபடியே, நாடெங்கும் போராட்டம் வெடித்த ஆகஸ்ட் 8க்குப் பிறகு ஆயிரக்கணக்கானோர் சாய்க்கப்பட்டார்கள். செப்டம்பர் 18ஆம் தேதி மறுபடியும் ராணுவமே நேரடியாக ஆட்சியில் அமர்ந்தது. விழுந்தது அவர் மட்டும்தான்.

அவர் வளர்த்த ராணுவம் கடைசியில் அவரையே வீட்டுக்காவலில் வைத்தது. 2002 டிசம்பர் 5ஆம் தேதி அங்கேயே இறந்தார். செய்தியைச் சொன்னபோது அப்பத்தா, "கொள்ளி வைக்க ஆள் இருந்துச்சாப்பா?" என்று மட்டும் கேட்டார். மருமகனும் மூன்று பேரன்களும் ராஜத்துரோக வழக்கில் மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார்கள். காவலில் இருந்த மகளை அன்று மட்டும் வெளியே விட்டார்கள். அவர்தான் சாம்பலை ஆற்றில் கரைத்தார்.