கறுப்பாகத் தெரிவதெல்லாம் துளை அல்ல

கேள்வி: பிராஜெக்டுக்காக எஃகுத் தகட்டின் மேல் இரும்பு அலுமினைடு பவுடரை (3 இரும்பு அணுவுக்கு 1 அலுமினியம்) ஹெச்.வி.ஓ.எஃப். முறையில் (எரிபொருளும் ஆக்சிஜனும் எரியும் அதிவேகச் சுவாலையில் பவுடரைச் சூடாக்கி வீசும் முறை) தெளித்தோம். வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அலையலையாய்ச் சாம்பல் கோடுகள், எங்கும் கறுப்புப் புள்ளிகள். எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனிலும் (அணுக்கள் அடுக்கியிருக்கும் விதத்தைக் காட்டும் சோதனை) வரவேண்டிய சில கோடுகள் வரவில்லை. கோட்டிங் வீணா?
– பொறியியல் மாணவர், திருச்சி

பதில்: தம்பி, அவசரப்பட்டு வீண் என்று எழுதிவிடாதீர்கள். நான் லேபில் சேர்ந்த புதிதில் அப்படித்தான் ஒரு கோட்டிங்கை 'துளை அதிகம்' என்று எழுதிக் கொடுத்தேன். தெளித்தவர் வயதானவர். அதே தகட்டில் இன்னொரு துண்டு வெட்டி, வெற்றிடத்தில் எப்பாக்சி பிசினை உள்ளே இறங்கவிட்டு, வைரப் பசையில் நெடுநேரம் தேய்த்துக் கொண்டுவந்தார். புள்ளிகளில் பெரும்பாலானவற்றைக் காணோம். என் ஒரு வரியால் அவருடைய கூலி நின்றிருக்கும். இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

அலுமினைடு நொறுங்கும் சாதி. எமரி பேப்பரில் அழுத்தித் தேய்த்தால் துணுக்குகள் பெயர்ந்து பள்ளமாகும். அதுவும் கறுப்பாகவே தெரியும். பாலிஷ் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போய், புள்ளிகள் இனிமேல் குறையவில்லை என்ற இடத்தில் மிஞ்சுவதுதான் நிஜத் துளை.

சாம்பல் கோடுகள் ஆக்சைடு. சுவரில் வறட்டி தட்டினால் எப்படி ஒன்றின் மேல் ஒன்று அப்பிக்கொள்ளும்? உருகிய துளிகளும் அப்படித்தான், சில மைக்ரான் கனத்தில் தட்டையாகிப் படிகின்றன. வழியிலேயே அலுமினியம் ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்கிறது. அடுக்குகளுக்கு நடுவே கொஞ்சம் ஆக்சைடு இருக்கத்தான் செய்யும். எஃகை ஒட்டியே நீளமாக ஓடினால்தான் கவலைப்பட வேண்டும். அங்கே கூர்முனையோடு கருந்துண்டுகள் தெரிந்தால், கிரிட் பிளாஸ்டிங் (தெளிக்கும் முன் எஃகைச் சொரசொரப்பாக்கத் துகள்களை வீசி அடிப்பது) மணல் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் அந்த எக்ஸ்ரே. துளி வினாடிக்கு சுமார் 10 லட்சம் டிகிரி வேகத்தில் குளிர்ந்து உறைகிறது. இரும்பும் அலுமினியமும் தத்தம் இடத்தில் போய் உட்கார அவகாசமே இல்லை. அந்த ஒழுங்கு இருந்தால்தான் நீங்கள் தேடும் கோடுகள் எழும். துண்டை 500 டிகிரி செல்சியஸில் சில மணி நேரம் வைத்துவிட்டு எக்ஸ்ரேயை மறுபடி எடுத்துப் பாருங்கள்.

சரி, புதுத் துண்டு வெட்டும்போது சக்கரம் கோட்டிங் பக்கம் நுழைந்து எஃகு வழியாக வெளியே வரட்டும். எஃகுப் பக்கமிருந்து வெட்டினால் அடுக்குகளைத் தூக்கிவிடும்.