ரேக் மிக்சர் வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, வணக்கம். எங்கள் பெரியப்பா முன்பு கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் சவுண்ட் செட் வாடகைக்குக் கொடுத்து வந்தார். தொழிலை விட்ட பிறகு சாமான்களை அடுக்கி மாட்டும் அவருடைய ரேக் பெட்டி, அதில் மாட்டிய ஆம்ப்ளிஃபையரோடு எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து, தோட்டத்தில் வேலை செய்த பெரியவர்களைப் பேசவைத்து ஒரு பாட்காஸ்ட் தொடங்கப் போகிறோம். ஆன்லைனில் ரேக்கில் மாட்டும் 16 இன்புட் மிக்சர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, ஒல்லியாக ஒரே தட்டுதான். அதை வாங்கி மாட்டினால் போதுமா, இல்லை பெரிய டிஜிட்டல் மிக்சராகவே வாங்கிவிடலாமா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: தம்பி, அந்த ஒல்லி மிக்சருக்குக் காசு கட்டிவிடாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.

ஒரு தட்டு உயரத்தில், அதாவது 44.45 மில்லிமீட்டரில், 16 இன்புட் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் லைன் மிக்சர்கள். பெஹ்ரிங்கர் ஆர்எக்ஸ்1602 அந்த வகை. கீபோர்டு, சிடி பிளேயர் மாதிரி ஏற்கெனவே பலமான சிக்னல் தரும் சாமான்களை ஒன்றுசேர்க்கத்தான் அதைச் செய்திருக்கிறார்கள். அவற்றிலிருந்து வருவது கிட்டத்தட்ட ஒரு வோல்ட், மைக்கிலிருந்து வருவதோ சில மில்லிவோல்ட்தான். அந்தச் சின்ன சிக்னலைத் தூக்கிவிடும் ப்ரீஆம்ப் உள்ளே இல்லையென்றால், மைக்கைச் செருகி எல்லாக் குமிழையும் முழுக்கத் திருப்பினாலும் கிணற்றுக்குள் இருந்து பேசுகிற மாதிரிதான் கேட்கும், கூடவே இரைச்சலும் வரும். அதனால் எந்த மிக்சரைப் பார்த்தாலும் மொத்த இன்புட் எத்தனை என்ற பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அதில் மைக் ப்ரீஆம்ப் எத்தனை என்று தேடுங்கள். எக்ஸ்எல்ஆர் ஓட்டைகளை, அதாவது மூன்று முனை மைக் வயர் செருகும் ஓட்டைகளை, எண்ணினாலே பாதி தெரிந்துவிடும்.

அடுத்தது யூஎஸ்பி. "யூஎஸ்பி இருக்கிறது" என்று கடைக்காரர் சொல்வது மட்டும் போதாது. அந்த யூஎஸ்பி வழியாகக் கணினிக்கு எத்தனை டிராக், அதாவது எத்தனை தனித்தனிப் பதிவு, போகிறது? பல மிக்சர்களில் எல்லார் குரலும் கலந்த ஸ்டீரியோ, அதாவது இரண்டே டிராக்தான் போகும். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நல்ல மிக்சர், நான்கு மைக் ப்ரீஆம்ப் உண்டு, ஆனாலும் கணினிக்குப் போவது இரண்டு டிராக்தான். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர் வரிசையிலும் இதைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்ஆர்18 என்பதில்தான் 18 டிராக் தனித்தனியாகக் கணினிக்குப் போகும், அதே முகத்தோடு இருக்கும் எக்ஸ்ஆர்12, எக்ஸ்ஆர்16 இரண்டிலும் அந்த வசதி இல்லை. சவுண்ட்கிராஃப்ட்டிலும் யூஐ24ஆர் பல டிராக் பதியும், யூஐ12, யூஐ16 பதியாது. படத்தைப் பார்த்து வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள்.

தனி டிராக் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நீங்கள் யாரைப் பதியப் போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்கள் ஊர் சாதாரண ஊரா? 1948 ஜூன் 16-ஆம் தேதி தோட்டத் துரைமார் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டு நாடே அவசரகாலத்துக்குள் போனது அங்கேதான். அதைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்தவர்களுக்கு இன்று எண்பதைத் தாண்டிய வயது. சப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில்பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத அப்பாவைப் பற்றிச் சொல்ல இன்னும் சிலர் இருக்கலாம். அந்த வயதில் குரல் ஒரே அளவில் வராது. பேச்சின் நடுவே மூச்சு இறங்கும், சில இடத்தில் முணுமுணுப்பாகும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பழைய பெரட்டுக் களத்தைப் பற்றிச் சொல்லும்போது திடீரென்று சத்தமாகும். பக்கத்தில் நீங்கள் மூன்று இளைஞர்கள் முழுக் குரலில் "அப்புறம் என்ன பாட்டி?" என்று கேட்டுக்கொண்டிருப்பீர்கள். எல்லாம் ஒரே டிராக்கில் கலந்துவிட்டால் பாட்டியின் குரலை மட்டும் தூக்க வழியில்லை. தனி டிராக் இருந்தால் எடிட் செய்யும்போது உங்கள் குரலைத் தட்டிவிட்டு அவரைத் தூக்கலாம். அவரிடம் மறுபடியும் போய் "இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்கும் வாய்ப்பு எல்லா நேரமும் கிடைக்காது, தம்பி.

சரி, ரேக் மிக்சரா வேண்டாமா? எனக்குத் தோன்றுவதை நேரடியாகவே சொல்கிறேன். ரேக் என்பது ஒரே இடத்தில் இருக்கும் சாமானுக்கு, அல்லது லாரியில் ஏற்றி இறக்கும் சவுண்ட் செட்டுக்கு. எண்பது வயதுத் தாத்தாவை உங்கள் ஹாலுக்கு அழைத்து வருவீர்களா, இல்லை லயத்து வீட்டுக்கோ தாமான் (குடியிருப்பு) வீட்டுக்கோ நீங்கள் போவீர்களா? பெரியவர்கள் தங்கள் வீட்டு நாற்காலியில், பக்கத்தில் மகளோ பேரனோ இருக்கும்போதுதான் மனம் விட்டுப் பேசுவார்கள். மோட்டார் சைக்கிளில் ரேக் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக முடியாது. வெளியே போய்ப் பதிவதுதான் உங்கள் வேலையில் பெரும்பகுதி என்றால், ஸூம் பாட்டிராக் பி4 மாதிரி கைக்கு அடக்கமான ஒன்றை வாங்குங்கள். நான்கு மைக், நான்கு ஹெட்போன், ஒவ்வொருவர் குரலும் தனி டிராக்காக அட்டையில் பதியும், இரண்டு டபுள் ஏ பேட்டரியில் ஓடும். மழையில் கரண்ட் போனாலும் பேச்சு நிற்காது.

ரேக் மிக்சர் உங்களுக்கு எப்போது பொருந்தும்? எல்லாப் பதிவும் ஹாலிலேயே நடக்கும், பெரியப்பா மாதிரி கோயில் நிகழ்ச்சிக்கும் அதே மிக்சர் உதவ வேண்டும், உறுமி மேளக் குழுவையும் ஒருநாள் பதிய ஆசை. அப்படியென்றால் எக்ஸ்ஆர்18 நல்ல தேர்வு, நான் தயங்காமல் சொல்வேன். 16 மைக் ப்ரீஆம்ப், தனித்தனி டிராக், அதோடு ஆட்டோமிக்ஸ். இந்த ஆட்டோமிக்ஸ் 1970-களில் டான் டூகன் என்ற அமெரிக்க ஒலிப் பொறியாளர் உருவாக்கிய முறையைப் பின்பற்றியது. யார் பேசுகிறாரோ அவர் மைக் தானாக மேலே வரும், சும்மா இருப்பவர்களின் மைக் இறங்கும். நான்கு மைக் ஒரே அறையில் திறந்திருக்கும்போது ஃபேன் சத்தம் நான்கு மடங்கு சேராமல் இருக்க இது பெரிய உதவி.

ஆனால் அதில் தொட்டு ஏற்றி இறக்க ஃபேடர் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே டேப்லெட்டிலோ கணினியிலோதான். பேட்டி எடுத்துக்கொண்டே திரையையும் பார்க்க வேண்டும், நண்பர்களில் ஒருவர் பேசாமல் அந்த வேலையை மட்டும் பார்ப்பதாக இருந்தால் சரி. அதன் சொந்த வைஃபையை நம்பாமல் ஒரு சின்ன ரவுட்டரை வயரில் இணைத்துக்கொள்ளுங்கள். வயர் செருகும் ஓட்டைகள் முன்பக்கத்தில் இருப்பதால் ரேக்கின் முன் மூடியைப் போட முடியாது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதற்கு முன் பெரியப்பாவின் ரேக்கை அளந்து பாருங்கள். அகலம் 19 அங்குலம் என்பது உலகம் முழுவதும் ஒன்றுதான், ஆழம்தான் பெட்டிக்குப் பெட்டி மாறும், பின்னால் வயர் வளைந்து திரும்பவும் இடம் வேண்டும். அந்த ஆம்ப்ளிஃபையரைப் பதிவு நேரத்தில் போடவே போடாதீர்கள். ஹெட்போனில் கேட்டால் போதும். ஸ்பீக்கரில் போட்டால் அது மைக்குக்குள் திரும்பி வரும், ஆம்ப்ளிஃபையரின் விசிறிச் சத்தமும் பதியும்.

மிக்சரைவிட மைக்குக்கும் அறைக்கும் அதிகம் யோசியுங்கள் என்றுதான் நான் கெஞ்சிக் கேட்பேன். சிமெண்டுத் தரை, செங்கல் சுவர், தகரக் கூரை உள்ள வீட்டில் கண்டென்சர் மைக் வேண்டாம். அதற்கு மைக் வயர் வழியாகவே போகும் 48 வோல்ட் ஃபேண்டம் பவர் வேண்டும் என்பது பெரிய விஷயமில்லை, மைக் ப்ரீஆம்ப் உள்ள பெரும்பாலான மிக்சர்களில் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக் கோழி வரை அது வாங்கிவிடும். டைனமிக் மைக் வாங்குங்கள், ஷூர் எஸ்எம்58 போதும், 1966-லிருந்து விற்கிறது, கீழே விழுந்தாலும் உழைக்கும். யூடியூப்பில் எல்லாரும் வைத்திருக்கிறார்கள் என்று ஷூரின் எஸ்எம்7பி மைக் பக்கம் போனால், அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் (சிக்னலைத் தூக்கும் அளவு) வேண்டும் என்று கம்பெனியே சொல்கிறது, மெல்லப் பேசும் பாட்டிக்கு இன்னும் கூடத் தேவைப்படும், உங்கள் மிக்சர் அதைத் தருமா என்று முதலில் பாருங்கள். வாய்க்கும் மைக்குக்கும் நான்கைந்து விரல் இடைவெளி. ஒரு மைக்குக்கும் அடுத்த மைக்குக்கும் இடையே அதைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். கீழே பாய், மேசைமேல் தடித்த துணி, சன்னலுக்குத் திரை. சாயங்காலம் மழை வந்தால் தகரக் கூரைக்குக் கீழே எந்த மிக்சராலும் ஒன்றும் செய்ய முடியாது, காலை வேளையில் பதியுங்கள்.

கேள்வி: அண்ணா, நானும் சுங்கை சிப்புட்தான், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வீட்டிலிருந்து பாட்காஸ்ட் செய்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தங்கையைப் போனில் சேர்த்தால் அவள் பேசுவது அவளுக்கே எதிரொலியாகத் திரும்புகிறதாம், பேச முடியாமல் நிறுத்திவிடுகிறாள். மிக்சர் பழுதா?

பதில்: பழுதில்லை டீச்சர். மிக்சரின் மெயின் அவுட்டை அப்படியே போனுக்கு அனுப்புகிறீர்கள். அதில் உங்கள் குரலோடு தங்கையின் குரலும் இருக்கிறது, அதுதான் சற்றுத் தாமதித்து அவர் காதுக்குத் திரும்புகிறது. மெயின் அவுட்டிலிருந்து வயரைக் கழற்றி, மெயினுக்குத் தனியாக இன்னொரு கலவையை வெளியே அனுப்பும் ஆக்ஸ் அவுட்டில் செருகுங்கள். உங்கள் மைக் சேனலில் ஆக்ஸ் குமிழைத் திறந்து, போன் வரும் சேனலில் அதே ஆக்ஸ் குமிழை முழுக்க மூடிவிடுங்கள். இனி அவருக்கு உங்கள் குரல் மட்டும்தான் போகும். இதை மிக்ஸ்-மைனஸ் என்பார்கள். போனில் ஸ்பீக்கரைப் போடாமல் நீங்களும் ஹெட்போனில் கேளுங்கள். ஒரே ஒரு ஆக்ஸ்கூட இல்லாத குட்டி மிக்சர் என்றால் இது நடக்காது. மாற்றும் எண்ணம் இருந்தால், இதைத் தானாகவே செய்துகொள்ளும் பாட்காஸ்ட் மிக்சர்கள் இருக்கின்றன, மேலே சொன்ன பி4 அதில் ஒன்று.

கேள்வி: ஐயா, ரெக்கார்டிங்கில் "ம்ம்ம்" என்று ஒரே சத்தம். பிளக்கில் இருக்கும் பெரிய முள்ளுக்கு வயர் போகாமல் வெட்டிவிட்டால் நின்றுவிடும் என்று நண்பர் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். அந்த முள் எர்த். உள்ளே ஏதாவது வயர் பெட்டியில் பட்டுவிட்டால் உயிரைக் காப்பது அதுதான். அதை வெட்டினால், மைக்கைப் பிடித்துக்கொண்டிருப்பவர் உடம்பு வழியாகக் கரண்ட் இறங்கலாம்.

அந்த ம்ம்ம் பெரும்பாலும், மிக்சர் ஒரு பிளக்கிலும் கணினி வேறு அறைப் பிளக்கிலும் இருப்பதால் வருவது. இரண்டையும் ஒரே சுவிட்ச் பலகையிலிருந்து எடுங்கள். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், நின்றுவிட்டால் காரணம் அங்கேதான். மைக்குக்கு மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வயர்தான் போட வேண்டும், கரண்ட் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால், மிக்சர் அவுட்டுக்கும் கணினியின் ஆடியோ இன்புட்டுக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஐசொலேட்டர் ஒன்றைப் போடலாம். யூஎஸ்பியில் இணைத்திருந்தால் யூஎஸ்பிக்கென்று தனி ஐசொலேட்டர் உண்டு.

இடி இடிக்க ஆரம்பித்தால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றுங்கள். இன்டர்நெட் ரவுட்டரிலிருந்து மிக்சருக்கு வயர் போனால் அதையும் கழற்றுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கேள்வி: ஒரு மணி நேரம் நான்கு பேர் பேசினால் கணினியில் எவ்வளவு இடம் பிடிக்கும்? குரல் எந்த அளவில் பதிய வேண்டும்?

பதில்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தால் ஒரு டிராக்குக்கு மணிக்கு ஏறக்குறைய 520 எம்பி, நான்கு டிராக்குக்கு 2 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். பேசும்போது மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நின்றால் போதும், சிவப்பைத் தொட விடாதீர்கள், யாராவது சிரித்தால் எகிறும். எடிட் முடித்து வெளியிடும்போது ஆப்பிள் சொல்லும் அளவு மைனஸ் 16 எல்கேஎஃப்எஸ் (மொத்தப் பதிவின் சராசரிச் சத்தத்தைக் காட்டும் அளவை). அதை வைத்துக்கொண்டால் கேட்பவர் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருக்காது. பதிந்த அன்றிரவே எடிட் செய்யாத மூலப் பதிவை இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, முடிந்தால் வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். பேசியவர் குடும்பத்துக்கும் ஒரு நகல் கொடுங்கள்.