எந்த ஊருங்க?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சென்னிமலையில் பிறந்தவள். திருமணமாகிப் பதினெட்டு ஆண்டுகளாகத் திருப்பூரில் குடியிருக்கிறேன். சென்ற மாதம் என் பெரியப்பா பேத்தியின் காதுகுத்தில், பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, கோவையில் இருக்கும் பெரியப்பா மகன், திருப்பூர் என்பது கோவையின் பட்டறைப் பகுதிதான் என்றும், சாயத்தண்ணீரைத் தவிர அந்த ஊரில் என்ன இருக்கிறது என்றும் கேட்டார். நானும் விடாமல் பதில் சொன்னேன். சேலத்து மாமா ஒருவர் நடுவில் புகுந்து, சேலத்துக்குப் பிறகுதான் இரண்டு ஊர்களுமே என்றார். அன்று தொடங்கிய பேச்சு உறவினர்களின் வாட்ஸாப் குழுவில் வளர்ந்து, இப்போது இரண்டு வீடுகளுக்கும் போக்குவரத்தே நின்றுவிட்டது. பிழைக்க வந்த ஊரைச் சொந்த ஊர் என்று சொல்லிச் சண்டையிட்டது என் தவறா? கொங்கு நாட்டுக்குத் தலைமையான ஊர் எது என்பதற்கு உண்மையில் ஒரு பதில் உண்டா? இன்னொன்றும் கேட்க வேண்டும். என் மகன் கோவை மருத்துவமனையில் பிறந்து திருப்பூரில் படிக்கிறான். சொந்த ஊரைப் பற்றி எழுதி வரும்படி பள்ளியில் சொன்னபோது, எந்த ஊரை எழுதுவது என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

பிழைக்க வந்த ஊரைச் சொந்த ஊராக நினைப்பதில் ஒரு தவறும் இல்லை. உங்களுக்கு வெகு காலம் முன்பே சென்னிமலையிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்கப் போன ஒருவர் இருக்கிறார். 1904ஆம் ஆண்டு சென்னிமலையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, வேலைக்காகத் திருப்பூர் சென்று, 1932 ஜனவரியில் அந்த ஊர்த் தெருவில் தடியடிபட்டு விழுந்தபோதும் கையிலிருந்த கொடியை விடாத குமரனை நாடு முழுவதும் திருப்பூர் குமரன் என்றே அறியும். அந்தப் பெயருக்காகச் சென்னிமலைக்காரர் எவரும் மனம் வருந்தி நான் கேட்டதில்லை. பெற்ற ஊர் ஒன்று, பேர் தந்த ஊர் இன்னொன்று என்று இரண்டு ஊர்களும் அவரைத் தம்மவராகவே வைத்திருக்கின்றன.

தீரன் சின்னமலையை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான். அவர் பிறந்த மேலப்பாளையம் காங்கயத்துக்குப் பக்கத்தில், இன்றைய திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. அவர் கோட்டை கட்டிய ஓடாநிலை அறச்சலூருக்கு அருகே ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது. 1805இல் அவரைத் தூக்கிலிட்ட சங்ககிரி சேலம் மாவட்டத்தில் சேர்ந்திருக்கிறது. ஈரோட்டைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டம் பிரிந்தது 1979இல்; திருப்பூர் மாவட்டம் உருவானது 2009இல். அந்த ஆண்டு வரை உங்கள் அண்ணன் குடியிருக்கும் ஊரும் நீங்கள் குடியிருக்கும் ஊரும் ஒரே மாவட்டமாக இருந்தவை என்பதை, அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது நினைவுபடுத்துங்கள்.

நம் பக்கத்தில் முன்பின் தெரியாத ஒருவரைப் பேருந்தில் பார்த்தால் கேட்கிற முதல் கேள்வி ‘ஏனுங்க, எந்த ஊருங்க?’ என்பதுதான். இதற்கு என் தந்தை சொல்லும் பதில் இடத்துக்கு இடம் மாறும். சென்னையில் யாராவது கேட்டால் ‘கோயமுத்தூர்ப் பக்கமுங்க’ என்பார். கோவையில் கேட்டால் காங்கயம் என்பார். காங்கயம் சந்தையில் கேட்டால் நத்தக்காடையூர் என்பார். நத்தக்காடையூர் டீக்கடையில் கேட்டால் எங்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்லுவார். நான்கு பதில்களுமே உண்மை. எதைச் சொல்லும்போதும் அவர் மற்றொன்றை மறைப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. நம் குடியானவர்கள் பலர் ஊர்நத்தத்தில் கூடி வாழாமல் அவரவர் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், வாழ்ந்தவர்கள் என்பதால், ஊர் என்ற சொல்லே இங்கே கேட்பவரைப் பொறுத்து விரிந்தும் சுருங்கியும் வந்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கோவை, திருப்பூர், சேலம் என்ற மூன்று பெயர்களுக்குள் அடைத்து, ஒன்றைச் சொன்னால் மற்றதை இழிவாகப் பேசியே ஆக வேண்டும் என்று நாம் பழகிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

தலைமையான ஊர் எது என்று கேட்டீர்கள். எந்தக் காலத்தில் என்று திருப்பிக் கேட்டால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். புகலூர் மலையில் உள்ள சேரர் கல்வெட்டைச் சான்றாகக் காட்டி, சேரரின் தலைநகரான வஞ்சி நம் கரூரே என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. 1799இல் திப்பு வீழ்ந்து கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சி வந்தபோது, இந்தப் பகுதியை இரண்டாகப் பிரித்து வடபகுதிக்குப் பவானியையும் தென்பகுதிக்குத் தாராபுரத்தையும் தலைமையிடமாக வைத்தார்கள். 1804இல் இரண்டையும் சேர்த்த பிறகுதான் அந்த இடம் கோவைக்குக் கிடைத்தது. அதன் பிறகும் 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன ரயில் பாதை சேலத்தையும் ஈரோட்டையும் தொட்டுப் போத்தனூர் வழியாகப் போனதே தவிர, கோவை நகருக்குள் வரவில்லை. கோவையை இன்றைய கோவையாக ஆக்கியதில் 1932இல் நீலகிரியிலிருந்து வந்த பைக்காரா மின்சாரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மலைமேல் விழுந்த நீர் மின்சாரமாக இறங்கி வந்த பிறகு, கரிசல் மண்ணின் பருத்தியும் ஆலை வைக்கும் துணிவுள்ளவர்களும் ஏற்கெனவே இருந்த ஊரில் நூற்பாலைகள் மளமளவென்று பெருகின. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு காலம் வந்திருக்கிறது. அதற்குக் காரணமும் இருந்திருக்கிறது.

உங்கள் சேலத்து மாமாவுக்கும் ஒரு பதில் சொல்ல வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி மாநகராட்சிகளை மட்டும் ஒப்பிட்டால் சேலத்தில் சுமார் 8.3 லட்சம் பேர், திருப்பூரில் அன்றைய எல்லைக்குள் சுமார் 4.4 லட்சம் பேர். ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று. அதே கணக்கெடுப்பில், சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து நகர்த்தொகுதியாகப் பார்த்தால், திருப்பூர் சுமார் 9.6 லட்சத்தோடு சேலத்தின் 9.2 லட்சத்தை முந்திவிடுகிறது. எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதை வைத்து வெற்றி மாறுகிற ஒரு போட்டிக்காக உறவை முறித்துக்கொள்ள வேண்டாம்.

இனி உங்கள் அண்ணன் சொன்ன சாயத்தண்ணீருக்கு வருகிறேன். என் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களின் பாசனத்துக்காக 1992இல் அந்த அணை கட்டி முடிக்கப்பட்டபோது அவர் பட்ட மகிழ்ச்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மஞ்சள் போடலாம், வாழை வைக்கலாம் என்று தென்பட்டவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சில ஆண்டுகளில் நாங்கள் விடுமுறைக்குப் போனபோது, அம்மிச்சி அடுப்பின் முன் உட்கார்ந்து, காலையில் போட்ட துவரை உச்சிப்பொழுதாகியும் வேகவில்லையே என்று கரண்டியால் நசுக்கி நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வந்தால் அரிசிம்பருப்பு ஆக்குவது அந்த வீட்டு வழக்கம். கிணற்றிலிருந்து இறைத்து வைத்த வாளியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. எருமை அந்தத் தண்ணீரில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அதன் பிறகு அம்மிச்சி சமையலுக்கான தண்ணீரை ஒன்றரை மைல் தள்ளி இருந்த வேறொரு தோட்டத்திலிருந்து சுமந்து வந்தார்.

பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் அதோடு உப்புச் சேர்க்க வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியோடு போய்விடும், உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். கண்ணுக்குத் தெரிகிற சிவப்பையும் நீலத்தையும் ஓரளவு வடிகட்டிவிடலாம். கரைந்துபோன உப்பைப் பிரிப்பதுதான் கடினம், செலவும் மிகுதி. அந்தச் செலவைச் செய்யாமல் ஆற்றில் விட்ட நீர் அணையில் தேங்கி நிலத்தடிக்கும் இறங்கியது. அணையைத் திறக்கச் சொல்லிப் போராடுவதுதான் விவசாயிகளின் வழக்கம். எங்கள் பக்கத்தில் திறக்காதீர்கள் என்று மன்றாடினார்கள். வழக்குகள் நடந்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. அதன் பிறகு, ஆர்.ஓ. முறையில் நீரைப் பிரித்தெடுத்து மீண்டும் சாயத்துக்கே பயன்படுத்தி, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பாக எடுக்கும் முறைக்கு மாறிய பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகக்கூடாது என்ற விதியோடு ஒரு தொழில் நகரமே பிழைத்து எழுந்தது சாதாரணக் காரியம் இல்லை. ஆயினும் அப்புச்சியின் கிணறு அவர் காலத்தில் திரும்பவில்லை.

உங்களிடம் மறைக்கக்கூடாத இன்னொன்றும் உண்டு. கிணறு கெட்ட அதே ஆண்டுகளில்தான் என் மாமன்மார் இருவரும் திருப்பூருக்குப் போய், ஒருவர் கட்டிங் பிரிவிலும் இன்னொருவர் பவர் டேபிள் என்னும் தையல் பிரிவிலும் சேர்ந்தார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் என் சித்தியின் கல்யாணம் நடந்தது. கிணற்றைக் கெடுத்த ஊர்தான் அந்த வீட்டுக்குச் சோறும் போட்டது. திருப்பூரைப் பற்றி எவராவது ஒரே வரியில் பேசும்போது, நல்லதாகப் பேசினாலும் கெட்டதாகப் பேசினாலும், என்னால் தலையாட்ட முடியாமல் போவது இதனால்தான்.

உங்கள் அண்ணனின் கேள்வியில் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் அவர் எந்த இடத்தில் நின்று கேட்கிறார் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல், பேரூரைக் கடந்து, கோவையின் வீட்டுச் சாக்கடைகளையும் வாங்கிக்கொண்டுதான் திருப்பூருக்கு வந்து சேருகிறது. கோவைக்காரர் வாய் நிறையப் பேசும் சிறுவாணித் தண்ணீரின் அணை கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. திருப்பூர் குடிப்பது பவானியும் காவிரியும் தரும் நீரை. 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டம், பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே மிகையாகும் நீரை ஏற்றி, ஈரோடு, திருப்பூர், கோவை ஆகிய மூன்று மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிறது. மேலே இருக்கிற ஊர் கீழே இருக்கிற ஊருக்கு எதை அனுப்புகிறது என்பதை வைத்து நம் ஊர்களை அளந்தால், கோவையும் திருப்பூரும் கரூருக்குப் பதில் சொல்ல வேண்டியவை. அங்கே நொய்யல் என்ற பெயருடைய சிற்றூரில்தான் ஆறு காவிரியில் கலக்கிறது. காதுகுத்து வீட்டில் கரூர்க்காரர் எவராவது வாயைத் திறந்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. அவர் பேசியிருந்தால் நீங்கள் இருவரும் ஒரே பக்கத்தில் நின்றிருப்பீர்கள்.

ஊருக்கு ஊர் போட்டியே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. 2007இல் சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ரயில்வே கோட்டம் அமைந்தது. கோவைக்குத் தனிக் கோட்டம் வேண்டும் என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். போத்தனூரோ பாலக்காடு கோட்டத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகளில் ரயில், நேரம், நடைமேடை என்று கேட்கவும் பெறவும் ஏதோ ஒன்று இருக்கிறது. அதற்காக ஊர்க்காரர்கள் ஒன்றுகூடி மனுக் கொடுப்பதை நான் மதிக்கிறேன், நானே கையெழுத்திட்டும் இருக்கிறேன். உங்கள் காதுகுத்துப் பந்தியில் நடந்தது அதுவல்ல. அங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. ஒருவரை ஒருவர் தாழ்த்தியதோடு சரி. ‘மரியாதைன்னா எங்க ஊருதானுங்க’ என்று மூன்று ஊர்களுமே சொல்லிக்கொள்வதால், அந்த மரியாதை அங்கே இல்லாமல் போனதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது.

வயதில் இளையவர் நீங்கள் என்பதால் முதலில் போகவேண்டியவரும் நீங்களே. வருகிற நோம்பிப் பண்டிகைக்கு அண்ணன் வீட்டுக்கு ஒறம்பரையாக, விருந்தாளியாகப் போங்கள். கையில் ஒப்புட்டும் கச்சாயமும் என்று பலகாரம் கொண்டுபோனால் வாசலில் எதுவும் பேசவேண்டிய தேவை இருக்காது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் பிள்ளைகளையும் காரில் ஏற்றி, பேரூர்ப் படித்துறையில் தொடங்கி, திருப்பூர்ப் பாலங்களில் நிறுத்தி, ஒரத்துப்பாளையம் அணைமேல் ஏறி, நொய்யல் ஊரில் ஆறு காவிரியைச் சேரும் இடம் வரை போய் வாருங்கள். ஒரே நாளில் முடிந்துவிடும் பயணம்தான்.

உங்கள் மகன் கேட்டதற்குப் பதில் அந்தப் பயணத்திலேயே அவனுக்குக் கிடைத்துவிடும். பிறந்தது கோயமுத்தூர், இருப்பது திருப்பூர், அம்மாவின் ஊர் சென்னிமலை என்று மூன்றையும் அவன் எழுதட்டும். ஆசிரியர் ஒன்றுதான் எழுத வேண்டும் என்று சொன்னால், உங்கள் அப்பாவின் தோட்டத்துக்கு என்ன பெயர் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். உங்களுக்கே மறந்திருந்தால் பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும், அவரைக் கேளுங்கள்.