காசு கொடுத்து வாங்கிய கேம் திறக்க மறுத்தால், கடைக்காரருக்கு மறுபடியும் காசு கொடுக்காதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் கணவர், பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த மகனுக்காக ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் 2,999 ரூபாய்க்கு ஒரு கேம் வாங்கிக் கொடுத்தார். நான்கு மாதம் நன்றாக ஓடியது. சென்ற வாரம் கணினி மெதுவாக இருக்கிறதென்று காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்து விண்டோஸை மாற்றிப் போட்டோம். ஸ்டீமில் மகன் கடையிலேயே உள்ளே நுழைந்து சரிபார்த்துக்கொண்டான். டி டிரைவில் இருந்த கேமும் அப்படியே இருக்கிறது. ஆனால் தெருவில் குழி தோண்டியதில் இணைய வயர் அறுந்து நான்கு நாட்களாகின்றன. 'இணையத்துடன் இணையுங்கள்' என்று சொல்லி கேம் திறக்கவே மறுக்கிறது. 600 ரூபாய் கொடுத்தால் 'ஆஃப்லைன் ஆக்டிவேஷன்' செய்து, இனி இணையமே கேட்காதபடி ஆக்கித் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். கொடுக்கலாமா? சட்டச் சிக்கல் வருமா? – ஒரு வாசகி, கோட்டையூர்.

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. உங்கள் கேமிலும் கோளாறு இல்லை, கணினியிலும் கோளாறு இல்லை. பெரிய நிறுவனங்களின் கேம்கள் பலவற்றில், திருட்டு நகலைத் தடுக்க ஸ்டீம் போடும் மென்பொருள் பூட்டுக்கு மேல் இன்னொரு பூட்டையும் போட்டிருப்பார்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் உருவான டெனுவோ என்பதுதான் அவற்றில் இன்று அதிகம் அடிபடும் பெயர். கேம் முதன்முறை திறக்கும்போது, பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழில் மச்சத்தைக் குறிப்பதுபோல, அந்தப் பூட்டு உங்கள் கணினியின் அங்க அடையாளங்களைக் குறித்துத் தன் சர்வருக்கு அனுப்பி, ஓர் அனுமதிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளும். விண்டோஸை மாற்றியதும் மச்சம் இடம் மாறிவிட்டது. ஆகவே அது புதுச் சீட்டு கேட்கிறது. அதற்கு ஒரே ஒரு முறை இணையம் வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கைபேசியின் ஹாட்ஸ்பாட்டே அதற்குப் போதும். கைபேசியைக் கணினி மேசையிலேயே வையுங்கள். கோட்டையூர் வீடுகளின் சுவர்க் கனம் எனக்குத் தெரியும், முகப்பில் இருக்கும் மோடத்தின் வைஃபையே இரண்டாம் கட்டுக்கு வந்து சேர்வதற்குள் இளைத்துவிடும். மகன் தன் அக்கவுன்டில் நுழைந்து, கேமைத் திறந்து, முகப்புத் திரையோடு நிறுத்தாமல் உள்ளே போய் ஐந்து நிமிடம் ஆடிவிட்டு மூடட்டும். பிறகு ஸ்டீமின் மெனுவில் 'கோ ஆஃப்லைன்' என்பதை அழுத்தினால், அடுத்த சில நாட்களுக்கு வயர் அறுந்திருந்தாலும் பெரும்பாலும் கேம் திறக்கும். இடையில் அப்டேட் என்று பெரிய கோப்பு இறங்கத் தொடங்கினால் கைபேசியின் டேட்டா முழுவதும் போய்விடும், அதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். வரவில்லையே என்ற கோபத்தில் பக்கத்து வீட்டுக் கணினி, மாமா வீட்டு லேப்டாப் என்று ஒரே நாளில் பல இடங்களில் திறந்து பார்க்கவும் வேண்டாம். இந்தப் பூட்டு அதைத் திருட்டு என்று எண்ணி ஒரு நாள் முழுவதும் காத்திருக்கச் சொல்லும்.

இனி அந்த 600 ரூபாய்க்கு வருகிறேன். 'ஆஃப்லைன் ஆக்டிவேஷன்' என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கும் வியாபாரம் இதுதான்: ஒருவர் ஒரு கேமை ஒரே ஒரு பிரதி வாங்குவார், அந்த ஒரு அக்கவுன்டின் பெயரையும் பாஸ்வேர்டையும் நூறு பேரின் கணினியில், தொலைவிலிருந்து கணினியை இயக்கும் எனிடெஸ்க் போன்ற செயலி வழியாகத் தாமே நுழைந்து தட்டி, கேமை ஒருமுறை திறந்துவிட்டு ஆஃப்லைனில் போட்டுவிடுவார். 'இனிமேல் ஸ்டீமை ஆன்லைனுக்குக் கொண்டுவராதீர்கள், விண்டோஸ் அப்டேட்டை நிறுத்திவிடுங்கள்' என்பது அவர் சொல்லும் பத்தியம். பத்தியம் முறிந்த அன்று கேம் நின்றுவிடும், மறுபடியும் பணம் கேட்பார், அல்லது அதற்குள் எண்ணையே மாற்றியிருப்பார். வாங்காதவருக்கு விற்றாலே இது மோசடி. உங்கள் மகனிடம் சொந்தப் பிரதி இருக்கும்போது, அவன் பொருளை அவனுக்கே இரண்டாம் முறை விற்பதற்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

பணத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. பூட்டை உடைக்கும் 'கிராக்' போடுவதானாலும் இந்த ஆக்டிவேஷன் ஆனாலும், இவர்கள் முதலில் செய்வது ஆன்டிவைரஸை அணைப்பதுதான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி பழுது பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து என் மேசைக்கு ஒரு கணினி வந்தது. எந்த கேமும் திறந்திருக்கவில்லை, ஆனாலும் மின்விசிறி ஆலைச் சங்குபோல அலறிக்கொண்டிருந்தது. ஆன்டிவைரஸைத் திறந்து பார்த்தால், சி டிரைவ் முழுவதையும் 'இங்கே பார்க்காதே' என்று விலக்கி வைத்திருந்தார்கள். உள்ளே யாருக்காகவோ கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டின் மின்கட்டணம் ஏன் ஏறியதென்று அவர்கள் அதுவரை ஏசியைச் சந்தேகித்திருக்கிறார்கள். அதே கணினியில்தான் வெளிநாட்டிலிருக்கும் தந்தையின் பாஸ்போர்ட் நகலும் வங்கிக் கணக்கின் பாஸ்வேர்டும் இருந்தன. உங்கள் வீட்டுக் கணினியிலும் அவை இருக்கும் என்றே நினைக்கிறேன்.

பாதி விலைக்கு 'கீ', அதாவது கேமை அக்கவுன்டில் சேர்க்கும் குறியீட்டு எண், விற்பவர்களும் இதே கூட்டம்தான். 2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் என்ற கேம் நிறுவனம், திருட்டுக் கடன் அட்டைகளால் வாங்கப்பட்டு இடைத்தரகர்கள் கைமாற்றிய ஃபார் க்ரை 4 உள்ளிட்ட கேம்களின் கீக்களை ரத்து செய்தது. வாங்கியவர்கள் ஒரு காலையில் எழுந்து பார்த்தபோது கேமைக் காணவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-இல், 2012-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 65ஏ பிரிவின்படி, உரிமையை மீறும் நோக்கத்துடன் இத்தகைய பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. 'உரிமையை மீறும் நோக்கத்துடன்' என்ற சொற்களைச் சற்று நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஒரு கணினி நிரலை முறையாக வைத்திருப்பவர், அது தொலைந்தோ கெட்டோ போனால் உதவட்டும் என்று தற்காப்புக்காக மட்டும் நகல் எடுத்துக்கொள்வதை அனுமதிக்கிறது. அதாவது, உங்கள் கணவர் அந்தக் காலத்தில் வாங்கி வந்த கேம் சிடி பீரோவில் இருந்தால், அதைக் கீறல் விழுவதற்குமுன் தனக்காக நகலெடுப்பது குற்றமன்று. அந்த நகலைத் தம்பி மகனுக்குக் கொடுப்பது குற்றம். மூலச் சிடியை விற்றுவிட்டு நகலை வைத்துக்கொள்வதும் குற்றம், ஏனென்றால் விற்ற பிறகு நீங்கள் முறையாக வைத்திருப்பவர் அல்ல. நகல் எடுக்கும் உரிமை இருக்கிறது என்பதற்காக, ஊர்பேர் தெரியாத ஒருவர் உடைத்துப் போட்ட கோப்பைத் தரவிறக்கும் உரிமை வந்துவிடாது. அது உங்கள் பிரதியின் நகலே அன்று. சட்டம் நகலை அனுமதிக்கிறது, நிறுவனமோ நகல் எடுக்கவே முடியாதபடி பூட்டிவிடுகிறது, இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவரைப் பற்றி இரு தரப்புக்கும் அக்கறையில்லை.

பழைய சிடி பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: சேஃப்டிஸ்க் என்ற பூட்டுப் போட்ட சிடிகள் விண்டோஸ் 10-இல் திறக்காது. பூட்டை இயக்கும் 'டிரைவர்' என்ற துணை நிரல் பாதுகாப்புக்கு ஆபத்து என்று மைக்ரோசாஃப்டே அதை ஒதுக்கிவிட்டது. சிடி பழுதென்று சொல்லி யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

உங்கள் மகன் வாங்கியது கேமை அன்று, ஆடுவதற்கான அனுமதியை. பங்காளிகளுக்குப் பொதுவான வளவு வீட்டில் ஒருவருக்கு அறைப் பங்கு இருப்பதுபோல என்று சொல்லலாம் என்று பார்த்தால், அங்கேயாவது இன்னொரு பங்காளிக்கு விட்டுக்கொடுக்க முடியும். ஸ்டீம் அக்கவுன்டை விற்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. கலிபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், விற்பது உரிமம்தான் என்பதை வாங்குபவருக்குத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. இத்தனை பூட்டும் திருடனைத் தடுத்திருந்தாலாவது பொறுத்துக்கொள்ளலாம். உடைத்ததைத் தரவிறக்கியவன் வயர் அறுந்தாலும் ஆடிக்கொண்டிருக்கிறான், 2,999 ரூபாய் கட்டியவன் ஹாட்ஸ்பாட் தேடுகிறான். 2013-இல் வெளிவந்த சிம்சிட்டி என்ற கேம், தனியாக ஆடுவதற்கும் இணையம் கேட்டு, சர்வர் திணறியதால் பல நாட்கள் ஆடவே முடியாமல் கிடந்தது. ஆஃப்லைனில் ஆட விடுவதற்கு அந்த நிறுவனத்துக்கு ஓராண்டு பிடித்தது.

பணத்தைத் திரும்பப் பெறலாமா என்றால், வாங்கி 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால்தான் ஸ்டீம் தரும். உங்களுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. இணையம் வந்த பிறகும் கேம் திறக்கவில்லை என்றால், திரையைப் படமெடுத்து ஸ்டீம் சப்போர்ட்டுக்கும் கேம் நிறுவனத்துக்கும் எழுதுங்கள். அதிலும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட ஆணையத்தில் நீங்கள் வசிக்கும் இடத்திலிருந்தே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் 2,999 ரூபாய்க்காகச் சிவகங்கைக்கு எத்தனை முறை பேருந்து ஏறுவீர்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை வாங்குவதற்குமுன் ஸ்டீமில் அந்த கேமின் பக்கத்தில் வலப்புறம் பாருங்கள். டெனுவோ போன்ற வெளிப் பூட்டு இருந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு சிறு கட்டத்தில் எழுதியிருப்பார்கள். அதே கேம் ஜிஓஜி என்ற தளத்தில் கிடைத்தால் அங்கே வாங்குங்கள். பூட்டில்லாத இன்ஸ்டாலராகத் தருகிறார்கள், பென்டிரைவில் போட்டுப் பீரோவில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, எல்லாவற்றுக்கும் முன்பாகச் செய்ய வேண்டியது. மகன் அந்தக் கடையில் உட்கார்ந்து தன் ஸ்டீம் பாஸ்வேர்டைத் தட்டியிருக்கிறான். ஹாட்ஸ்பாட் போட்டதும் முதலில் அதை மாற்றச் சொல்லுங்கள், கைபேசியில் 'ஸ்டீம் கார்ட்' (Steam Guard) என்ற கூடுதல் பாதுகாப்பை இயக்கச் சொல்லுங்கள், அக்கவுன்டில் வேறு எந்தக் கணினியாவது நுழைந்திருந்தால் எல்லாவற்றையும் வெளியேற்றச் சொல்லுங்கள். கேமைத் திறப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.